மகிழடியில் கேட்ட சத்தியம்

இடக்கண்ணில் புரை முற்றிவிட்டது, இனித் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று ராத்திரிதான் என் மனைவி திருவொற்றியூர் போகணும் என்றாள்.

"கண்ணுக்கு வேண்டிக்கணும்னா வேற கோயில் இருக்கே" என்றேன்.

"வேண்டிக்க இல்லீங்க. சுந்தரருக்குக் கண்ணு போன ஊரைப் பாக்கணும்."

இவளுக்கு இந்தப் பைத்தியம் நேற்று பிடித்ததில்லை. கல்யாணமாகி 31 வருஷம். பெண் பார்க்க நாங்கள் போய் உட்கார்ந்திருந்த கூடத்துக்கு இவள் வந்து நின்ற நொடியில், எங்கிருந்தோ ஒரு பூ வாசனை வந்ததாம். மல்லிகை இல்லை, தாழம்பூ இல்லை, பேர் தெரியாத பூ. அதற்கு முன் சின்ன வயசில் காய்ச்சலில் கிடந்தபோது இரண்டு தடவை அதே வாசனை வந்திருக்கிறதாம். "இவர்தான்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. விட்டகுறை தொட்டகுறை" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இன்றைக்கும் சொல்வாள். நான் அந்த நேரத்தில் சட்டைப்பையில் பேனா மை கசிந்திருந்ததைக் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை.

நடுவில் ஒருமுறை நாடி ஜோசியம் பார்க்கவும் இழுத்துக்கொண்டு போனாள். கட்டைவிரல் ரேகை கொடுத்து அரை நாள் காத்திருந்தோம். ஓலையைப் பிரித்துப் படித்தவர், போன பிறவியில் நான் கடல் வாணிகன் என்றும் கட்டிய மனைவியை விட்டுவிட்டுப் போனவன் என்றும் சொன்னார். பலனைவிடப் பரிகாரம் நீளமாக இருந்தது. வெளியே வந்ததும் இவள் சொன்ன தீர்ப்பு: "ஓலை பொய். நம்ம விஷயம் நிஜம்." எந்தக் கோர்ட்டிலும் இப்படியொரு தீர்ப்பு கிடைக்காது.

அதனால் சுந்தரர் கதையில் இவளுக்கு ஒரு சொந்தம். கயிலாயத்தில் ஆலாலசுந்தரர் என்று ஒரு அடியார். பூப்பறிக்கப் போன நந்தவனத்தில் உமையம்மையின் சேடியர் இருவரைப் பார்க்கிறார், கமலினி, அனிந்திதை. மனசு போய்விடுகிறது. அவர்களுக்கும்தான். சிவபெருமான் கோபித்துச் சபிக்கவில்லை. தென்னாட்டில் போய்ப் பிறந்து, அந்தக் காதலை வாழ்ந்து முடித்துவிட்டு வா என்கிறார். ஆலாலசுந்தரர் திருநாவலூரில் நம்பியாரூரராகப் பிறக்கிறார், அவர்தான் சுந்தரர். கமலினி திருவாரூரில் பரவையார். அனிந்திதை ஞாயிறு என்கிற ஊரில் சங்கிலியார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணம் பாடும்போது, அறுபத்துமூவர் கதையையும் இந்த மூவரின் மறுபிறவிக்குள் வைத்துத்தான் கட்டியிருக்கிறார். கயிலையில் தொடங்கிக் கயிலையில் முடிகிறது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஆரூரில் பார்த்துக்கொள்கிற இருவருக்கும் முற்பிறவி ஞாபகம் வருவதில்லை. நம் ஊர் மறுபிறவிக் கதைகளில் ஒரு மின்னல் வெட்டும், பழைய அரண்மனை தெரியும், பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். சேக்கிழார் அதையெல்லாம் தொடவில்லை. ஆரூர்க் கோயிலில் பரவையாரைப் பார்த்ததும் சுந்தரர், கற்பகத்தின் பூங்கொம்போ, சிவனருளோ என்று அடுக்கிக்கொண்டே போய் "அறியேன்" என்று நிற்கிறார். பண்டைவிதி கடைகூட்டப் பரவையாரும் பார்த்தார் என்கிறார் சேக்கிழார். பண்டைவிதி அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியும், பார்த்துக்கொண்ட இரண்டு பேருக்குத் தெரியாது.

திருவொற்றியூருக்குக் காலையிலேயே போய்விட்டோம். ஆதிபுரீசுவரர் புற்று வடிவம். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்தான் கவசம் எடுப்பார்கள், மற்ற நாளெல்லாம் கவசத்தோடுதான் தரிசனம். வடிவுடையம்மனையும் கும்பிட்டுக்கொண்டு வெளிப்பிராகாரத்துக்கு வந்தோம். மகிழமரம் அங்கேதான் இருக்கிறது.

சங்கிலியார் இந்தக் கோயிலில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து மாலை தொடுத்துக்கொண்டிருந்தவர். கட்டிய மாலையைக் கொடுக்கத் திரையை விலக்கி வந்தவரைச் சுந்தரர் பார்த்துவிட்டார். நேரே சாமியிடம் போய் எனக்கு இவரை வாங்கிக் கொடு என்றார். ஆரூரில் ஏற்கெனவே பரவையார் இருக்கிறாரே என்று சங்கிலியார் தயங்க, பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்து தருவார் என்று கனவில் வந்து சொன்னவரும் சாமிதான். சுந்தரர் ஒரு தந்திரம் செய்தார். நான் சன்னதியில் சத்தியம் செய்யும்போது நீ உள்ளே இருக்காதே, மகிழமரத்தடிக்குப் போய்விடு என்று சிவனிடம் கேட்டுக்கொண்டார். சரி என்ற சிவன், அப்படியே சங்கிலியாரின் கனவில் போய், சன்னதியில் வேண்டாம், மகிழடியில் சத்தியம் கேள் என்று சொல்லிவிட்டார். இரண்டு பக்கமும் வக்கீல் அவரே. மாட்டிக்கொண்ட சுந்தரர் இந்த மரத்தடியில் நின்று சத்தியம் செய்தார். மாசி உற்சவத்தில் மகிழடி சேவை என்று இன்றும் இது நடக்கிறது. பிறகு தென்றல் வீசி, ஆரூர் வசந்தவிழா நினைவு வர, ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயிற்று.

மரத்தடியில் பூ உதிர்ந்து கிடந்தது. மகிழம்பூவைப் பறிக்க வேண்டியதில்லை, ராத்திரி மலர்ந்து விடியலில் தானே உதிரும். சட்டைப் பித்தான் அளவுதான், ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக, நடுவில் ஊசி துளைத்த மாதிரி ஓட்டை. காலையில் வெளுப்பாக இருப்பது வெயிலேற ஏறப் பழுப்பாகும். இவள் குனிந்து நாலைந்து பொறுக்கி உள்ளங்கையில் வைத்து முகர்ந்தாள். முகர்ந்தவள் அப்படியே மரத்தைச் சுற்றிய மேடையைப் பிடித்துக்கொண்டாள். மயக்கமோ என்று பயந்துவிட்டேன்.

"இதுதாங்க."

"எது?"

"அன்னிக்கு கூடத்துல வந்தது."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. புத்தி மட்டும் வழக்கம்போல வேலை செய்தது. "அன்னிக்கு வந்தவங்க யாராவது மகிழம்பூ வெச்சிருந்திருப்பாங்க" என்றேன்.

"வெச்சிருந்திருக்கட்டும்" என்றாள். கோபமே இல்லை. பூவை என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு மூடிக்கொண்டாள். காய்ந்தாலும் மகிழம்பூவுக்கு மணம் போகாது. போன பிறவியிலிருந்து ஒட்டிக்கொண்டு வருவதை நாம் வாசனை என்றுதானே சொல்கிறோம். அந்த வார்த்தையை வைத்தவன் ஒருவேளை இந்த மரத்தடியில் நின்றிருப்பான்.

"ஒரு சத்தியம் பண்ணுங்க. அடுத்த ஜென்மத்துலயும் விட்டுட்டுப் போகமாட்டேன்னு."

"இந்த மரத்தடியிலயா? அடுத்த வாரம் எனக்குக் கண்ணு ஆபரேஷன்" என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம். அது அப்படியே கழிந்தது.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கால் மணி நேர வேலை. கட்டை அவிழ்த்தபோது சுவர் இத்தனை வெள்ளையா என்று இருந்தது. "இடக்கண்ணு காஞ்சிபுரம் ஆச்சு" என்றாள் இவள். சுந்தரருக்குத் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல்தான் கிடைத்தது. கோயிலில் இருக்கிறாயா என்று அவர் கேட்க, "உளோம் போகீர்" என்று உள்ளிருந்து பதில் வந்ததாம், இருக்கிறோம், நீர் போம் என்று. (அந்தக் கோயில் பூண்டி நீர்த்தேக்கத்துக்காக இடம் மாறிவிட்டது.) காஞ்சி ஏகம்பத்தில் இடக்கண், ஆரூரில் வலக்கண். என் வலக்கண்ணுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. ஆனாலும் டாக்டர் பயணம் போகலாம் என்றதும் இவள் திருவாரூருக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள்.

திருவாரூரிலும் மூலவர் புற்றிடங்கொண்டார், பக்கத்தில் தியாகராஜர். ஒற்றியூரிலும் அதே புற்று, அதே தியாகராஜர். சுந்தரர் அங்கிருந்து இங்கே ஓடிவந்தார் என்கிறோம். வந்தது யாரிடமிருந்து யாரிடம் என்று யோசித்தால் தலை சுற்றும். வலக்கண் வராமல் இங்கே நின்று பாடியபோது, கண்ணில்லாமல் உன் அடியார் தவித்தால் நீ "வாழ்ந்து போதீரே" என்று சாமியைத் திட்டியே விட்டார். அந்த உரிமை அவருக்கு மட்டும்தான்.

கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று சொல்வார்கள். நடந்தே களைத்துவிட்டோம். இங்கே நான் தேடி வந்தது வேறொரு பரவை. 1014 முதல் 1044 வரை ஆண்ட முதலாம் ராஜேந்திர சோழனுக்குப் பரவை நங்கை என்று ஒரு அணுக்கி, நெருக்கமான துணை. அரசனும் அவளும் இந்தச் சன்னதியில் சேர்ந்து நின்று கும்பிட்ட இடம் தெரிவதற்காக அங்கே ஒரு குத்துவிளக்கு வைத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. அத்தனை பெரிய ராஜா, கங்கை வரை படை அனுப்பியவன், ஒருத்தியோடு பக்கத்தில் நின்ற இடம் மறைந்துவிடக் கூடாது என்று விளக்கு வைத்திருக்கிறான். பரவையாருக்கு இருநூறு வருஷத்துக்கு மேல் பிந்தி, அதே கோயில், அதே பெயர். கல்வெட்டு எந்தச் சுவரில் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு தூண் தூணாகத் தடவிக்கொண்டிருந்தேன். இவள் ஒரு தூண் பக்கத்தில் நின்று, "இங்கேயே வெச்சுக்குங்களேன்" என்றாள். நின்றோம்.

சாயரட்சைக்கு இன்னும் நேரம் இருந்தது. தேவாசிரிய மண்டபத்தில் உட்கார்ந்தபோதுதான் வம்பு வந்தது.

"இப்ப கண்ணு வந்தாச்சே. சொல்லுங்க அந்தச் சத்தியத்தை."

"இந்த ஜென்மத்துல பிரியமாட்டேன். அது போதாதா?" என்றேன். நல்ல பதில் என்று நினைத்துத்தான் சொன்னேன். இவள் முகம் மாறி, கண் நிறைந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. இந்தப் பிறப்பில் பிரியமாட்டோம் என்றேன், அவள் கண்நிறைய நீர் கொண்டாள் என்று 1315-ஆவது குறளே இருக்கிறது. அப்படியானால் மறுபிறப்பில் பிரிவாயா என்ற அர்த்தம் அதற்கு. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது, வேண்டிய நேரத்தில் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தது.

"சங்கிலி மட்டும் என்ன பாவம் பண்ணினா?" என்றாள் கடைசியாக. "இவரு இங்க வந்து பரவைக்குத் தூது விட்டாரு. அவ அங்க மாலை கட்டிக்கிட்டே இருந்தாளா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இவர் போன பின் சங்கிலியார் நாட்களை எப்படிக் கழித்தார் என்று சேக்கிழார் நின்று சொல்வதில்லை. முடிவில் வெள்ளானை மேல் சுந்தரர் கயிலை சேர்ந்தபோது, பரவையாரும் சங்கிலியாரும் மறுபடி கமலினியும் அனிந்திதையுமாகி உமையம்மைக்குப் பழைய தொண்டைச் செய்யப் போய்விட்டார்கள் என்றுதான் முடிக்கிறார். இதை இவளிடம் அப்போது சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். இவள் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

நான் எழுந்து கமலாலயக் கரைக்கு வந்து படியில் உட்கார்ந்தேன். பரவையார் ஊடல் கொண்டு கதவடைத்தபோது, இந்த வீதிகளில்தான் நள்ளிரவில் சிவபெருமான் சுந்தரருக்காகத் தூது நடந்தார். முதல் தடவை குருக்கள் வேஷத்தில் போய்த் தோற்று, மறுபடி சுயரூபத்தில் போனார். சாமியைப் பெண்ணிடம் தூது அனுப்பினானா என்று ஏயர்கோன் கலிக்காமர் என்கிற இன்னொரு நாயனார் கொதித்துப் போனார். நானும் ரொம்ப நாள் ஏயர்கோன் கட்சிதான். அன்றைக்கு அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது கட்சி மாறியிருந்தேன்.

"ஐயா." எங்களை ஸ்டேஷனிலிருந்து கூட்டிவந்த ஆட்டோக்காரர் நின்றார். "அம்மா உங்களைத் தேடிக்கிட்டு இருக்காங்க. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுற நேரமாம். உடனே வரச் சொன்னாங்க."

போனேன். இவள் ஒன்றும் பேசாமல் என் தலையைப் பின்னால் சாய்த்து, கீழிமையை இழுத்து, ஒரு சொட்டு விட்டாள். தூரத்து விளக்கு இரண்டாகிக் கரைந்தது.

"அஞ்சு நிமிஷம் கண்ணைத் திறக்காதீங்க."

மூடிக்கொண்டேன். உள்ளே சாயரட்சைக்கு மணி அடிக்க ஆரம்பித்தது. அப்போது வந்தது அந்த வாசனை, பக்கத்தில், மெல்ல, காய்ந்த பூவின் இனிப்போடு.

"பூவைக் கொண்டுவந்திருக்கியா?" என்றேன்.

"எந்தப் பூ?"

"ஒற்றியூர்ல எடுத்தியே, கண்ணாடிக் கூட்டுல."

"அதை அன்னிக்கே வீட்டுல சாமி படத்துக்கிட்ட வெச்சாச்சு. ஏன்?"

நான் பதில் சொல்லவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை. இன்னும் ஐந்து நிமிஷம் ஆகவில்லை.