வலது சீட்டில் எட்டு வருடம்

2007 நவம்பர் கடைசி வாரத்தில் என் கேப்டனுக்கு 60 வயது முடிந்தது. அன்று கடைசி தரையிறக்கத்தை அவரிடமே விட்டுவிட்டேன். பார்க்கிங் பிரேக் போட்ட பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. மடியில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 13-ஆம் தேதி, அமெரிக்க விமானிகளின் ஓய்வு வயதை 60-லிருந்து 65 ஆக்கும் சட்டத்தில் அதிபர் புஷ் கையெழுத்துப் போட்டார். அதற்கு முன்பே 60 ஆகிவிட்டவர்கள் விமானம் ஓட்ட வேண்டுமென்றால் புது ஆளாகத்தான் சேர வேண்டும், பழைய சீனியாரிட்டி கிடையாது. அதாவது பட்டியலில் எனக்கும் கீழே. அவர் திரும்பி வரவில்லை.

எனக்கு அப்போது 27 வயது. அந்த ஆண்டுதான் ஒரு சிறிய ரீஜனல் கம்பெனியில், அதாவது சின்ன விமானங்களைக் குறுகிய தூரத்துக்கு ஓட்டும் கம்பெனியில், துணை விமானியாகச் சேர்ந்திருந்தேன். 50 சீட் ஜெட், மணிக்கு 22 டாலர், மாதம் 75 மணிநேரம் உத்தரவாதம். கதவு மூடி விமானம் நகர்ந்தால்தான் அந்த மணி ஓடத் தொடங்கும். கேட்டில் காத்திருந்த நேரத்துக்குக் காசு இல்லை. துணை விமானிக்கு வலது சீட், கேப்டனுக்கு இடது சீட். இரண்டு வருடத்தில் இடது சீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். அந்தச் சட்டம் என் கேப்டனைப் பாதித்ததுதான் எனக்குத் தெரிந்தது. என்னையும் பிடித்துக்கொண்டது என்று புரிய நாளானது.

எங்கள் தொழிலில் எல்லாமே சேர்ந்த தேதிதான். எந்த விமானம், எந்த சீட், தீபாவளிக்கு லீவா இல்லையா, எல்லாம் பட்டியலில் உங்கள் எண்ணைப் பொறுத்தது. மேலே பெரிய விமானத்தின் கேப்டன் ஒருவர் ஓய்வு பெற்றால், சின்ன விமானத்தின் கேப்டன் அங்கே போவார். அவர் இடத்துக்கு ஒரு துணை விமானி ஏறுவார். அந்தக் காலி இடத்துக்கு ரீஜனல் கம்பெனியிலிருந்து ஒருவரை எடுப்பார்கள். அவர் விட்ட சீட்டில்தான் என்னைப் போன்றவன் உட்கார முடியும். 2007 டிசம்பரிலிருந்து 2012 டிசம்பர் வரை, வயது காரணமாக ஓய்வு பெறுவது ஏறக்குறைய நின்றே போனது. மேலே யாரும் நகரவில்லை, கீழேயும் நகரவில்லை.

பழி முழுவதையும் அந்தச் சட்டத்தின் மேல் போட மாட்டேன். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது, பின்னாலேயே பொருளாதாரச் சரிவு. 2009-ல் எனக்கு ஃபர்லோ கடிதம் வந்தது, அதாவது சம்பளமில்லாத கட்டாய விடுப்பு. 14 மாதம் வீட்டில். திரும்பக் கூப்பிட்டபோதும் அதே வலது சீட். இடது சீட்டில் உட்கார 2015 ஆகிவிட்டது.

இன்னொரு கம்பெனிக்குப் போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போகலாம். ஆனால் அங்கே பட்டியலின் கடைசிக்குப் போக வேண்டும், முதல் வருடச் சம்பளத்துக்கு. பத்து வருட அனுபவத்தையும் எடுத்துக்கொண்டு போய் விலை பேச முடியாத தொழில் இது. அதனால்தான் விமானிகளுக்குத் தட்டுப்பாடு வந்தால் அது முதலில் தெரிவது அடிமட்டச் சம்பளத்தில்.

அப்படித்தான் நடந்தது. 2009 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே, கோல்கன் என்ற ரீஜனல் கம்பெனியின் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். விசாரணையில் ரீஜனல் விமானிகளின் சம்பளமும் சோர்வும் வெளியே வந்தன. 2013-லிருந்து துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணிநேரம் விமானம் ஓட்டிய அனுபவம் வேண்டும் என்று விதி வந்தது; ராணுவத்திலிருந்து வருபவர்களுக்கும் விமானப் படிப்பு படித்தவர்களுக்கும் கொஞ்சம் குறைவு. (அந்த விமானத்தை ஓட்டிய இருவருக்குமே 1,500-க்கு மேல் இருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கும்.) வரும் வழி குறுகியது, அதே சமயம் 65 ஆனவர்கள் போகத் தொடங்கினார்கள். 2020 கொரோனாவில் டெல்டா என்ற பெரிய விமானக் கம்பெனியில் மட்டும் சுமார் 1,800 விமானிகள் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டார்கள். பயணிகள் திரும்பி வந்தபோது ஓட்ட ஆளில்லை. 2022-ல் என்வாய், பீட்மான்ட் போன்ற ரீஜனல் கம்பெனிகள் புது துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்றன. மறுவருடம் டெல்டா ஒப்பந்தம், நான்கு வருடத்தில் 34 சதவீத உயர்வு. நான் 22 டாலருக்கு ஓட்டியதைவிட இன்றைய பிள்ளைகள் நன்றாக ஓட்டுகிறார்கள் என்பதால் இது வரவில்லை. ஆள் குறைந்தது, அவ்வளவுதான்.

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். பயிற்சியாளராக இருந்து மணிநேரம் சேர்த்துக்கொண்டிருக்கிறான், 1,180 ஆகிவிட்டது. "மாமா, ஓய்வு வயதை 67 ஆக்கிடுவாங்களா?" என்றான். 2023-ல் பிரதிநிதிகள் சபை 67-க்குச் சரி சொன்னது. செனட் குழு ஒப்பவில்லை. 2024 மே மாதச் சட்டத்தில் 65 அப்படியே நின்றது. பேச்சு மட்டும் ஓயவில்லை.

67 வந்தால் எனக்கு லாபம். பெரிய விமானக் கேப்டனுக்கு மணிக்கு 400 டாலருக்கு மேல் தருகிறார்கள். அந்த உச்சச் சம்பளத்தில் இன்னும் இரண்டு வருடம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆனாலும் அவனிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன், இப்போது பேசும் விதத்தில் வேண்டாம். சர்வதேச விதி 65-லேயே நிற்கும்போது அமெரிக்கா மட்டும் மாற்றினால், 66 வயதுக் கேப்டன் கடல் கடந்து ஓட்ட முடியாது. உள்நாட்டு விமானத்துக்கு இறங்கி வருவார், அங்கே இருப்பவரைத் தள்ளிவிட்டு. இருவருக்கும் மறுபடி சிமுலேட்டர் பயிற்சி. அடி கடைசியில் இவன் தலையில்தான்.

"அப்போ நல்லா ஓட்டுறவங்களை 65-ல வீட்டுக்கு அனுப்புறது நியாயமா மாமா?"

நியாயம் இல்லை. மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தவரை நான் மறக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனையும், அவ்வப்போது சிமுலேட்டர் சோதனையும் தாண்டுகிறவரைத் தேதி பார்த்து அனுப்புவது சரியென்று எனக்குப் படவில்லை. முதலில் சர்வதேச விதி மாறட்டும். பிறகு ஒரே இரவில் இரண்டு வருடம் கூட்டாமல், வருடத்துக்குச் சில மாதங்களாகக் கூட்டட்டும். அப்படிச் செய்தால் ஒவ்வொரு வருடமும் சிலராவது இறங்குவார்கள், கீழே இருப்பவர்களும் நகர்வார்கள். நாள் தவறியதால் 60-ல் போனவருக்கும் எட்டு வருடம் காத்திருந்தவனுக்கும் ஒரே நேரத்தில் அநியாயம் செய்யாமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "உங்களுக்கு 65 எந்த வருஷம் மாமா?" என்றான். 2045 என்றேன். எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.