காது அடைத்தபோது: குறும்பியை வீட்டிலேயே எடுத்த அனுபவம்

குளித்துவிட்டு வந்ததும் வலது காது அடைத்துக்கொண்டது. தலையைச் சாய்த்துத் தட்டியும் தண்ணீர் எதுவும் வரவில்லை. பெரும்பாலும் அங்கே தண்ணீர் தேங்கியிருக்காது. ஏற்கெனவே சேர்ந்திருந்த குறும்பி, அதாவது காது அழுக்கு, ஈரத்தில் ஊறிப் பருத்து, மிச்சமிருந்த சின்ன இடைவெளியையும் அடைத்துவிடும். அந்த இடைவெளி இருக்கும்வரை காது நன்றாகவே கேட்கும் என்பதால், திடீரென்று ஏதோ ஆகிவிட்டதாகத் தோன்றுகிறது. என் குரல் எனக்கே பானைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

முதலில் இது குறும்பிதானா என்று பார்க்க வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று இழுத்தேன். அடைத்த காதில்தான் சத்தம் பலமாகக் கேட்டது. காதின் வெளிப்பகுதியிலோ நடுப்பகுதியிலோ ஏதாவது வழியை மறித்தால், மண்டையோட்டு எலும்பு வழியே வரும் ஒலி அந்தப் பக்கம் ஓங்கிக் கேட்கும். டாக்டர்கள் இசைக்கவையை, அதாவது தட்டினால் ஒலிக்கும் உலோகக் கவையை, தட்டி நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதே கணக்குதான். சத்தம் நல்ல காதுப் பக்கம் போயிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடியிருப்பேன். உள்காது பாதிக்கப்பட்டு வரும் திடீர்ச் செவித்திறன் இழப்பும் ஆரம்பத்தில் வெறும் அடைப்பு போலத்தான் இருக்கும். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் 2 வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். முனகிப் பார்ப்பது மட்டும் போதாது. நடுக்காதில் நீர் கோத்தாலும் இதே விடைதான் வரும். அதனால் வீட்டில் இருந்தவரை டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். காது வாசலிலேயே பழுப்பாக ஒரு கட்டி தெரிந்தது. சரி, குறும்பிதான்.

வலியோ சீழோ காய்ச்சலோ இல்லை. செவிப்பறையில் ஓட்டை விழுந்ததில்லை, காதில் அறுவை சிகிச்சை செய்ததில்லை, உள்ளே குழாய் எதுவும் வைத்ததில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் கூடாது. ஒரே ஒரு காதுதான் கேட்கும் என்பவர்களும் இதில் இறங்கக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் தண்ணீர் பீய்ச்சுவதற்கு முன் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. அவர்களுக்குக் காதுத் தொற்று தீவிரமாகக்கூடும்.

பட்ஸை எடுக்கவே இல்லை. காதுக் குழாயின் நீளம் ஏறக்குறைய 2.5 செ.மீ. குறும்பி சுரப்பது அதன் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில் மட்டுமே. குழாயின் தோல் செவிப்பறைப் பக்கத்திலிருந்து மெல்ல வெளியே நகர்ந்து குறும்பியையும் சுமந்துகொண்டு வருகிறது. நாம் குச்சியை விட்டால், வெளியே வந்துகொண்டிருப்பதைச் செவிப்பறைவரை திருப்பி அனுப்பிவிடுகிறோம். காதில் செருகிக் கொளுத்தும் மெழுகுக் குழல் பற்றியும் ஒருவர் சொன்னார். கொளுத்தியபின் அதன் அடியில் கிடக்கும் மஞ்சள் பொடி அந்தக் குழலின் மெழுகேதான். காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாமல் எரித்தாலும் அதே பொடி கிடக்கும்.

நான் ஆலிவ் எண்ணெயை எடுத்துக்கொண்டேன். சோடியம் பைகார்பனேட் சொட்டும் கிடைக்கிறது. ஒன்றைவிட இன்னொன்று மேல் என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. எண்ணெயைச் சுடவைக்கவில்லை. சொட்டுப் புட்டியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தாலே போதும். அடைத்த காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்து, மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, 2, 3 சொட்டு விட்டேன். 5 நிமிடம் அப்படியே கிடந்தேன். பஞ்சு வைத்து அடைக்கவில்லை, பஞ்சு எண்ணெயைக் குடித்துவிடும். காலையும் இரவும் இதேதான்.

பொறுமை சோதிக்கப்படுவது இங்கேதான். எண்ணெய் விட ஆரம்பித்ததும் காது முன்பைவிட மோசமாக அடைத்தது. கட்டி இளகி உப்புவதால் வரும் அடைப்பு அது. ஆனால் ஒரு பக்கம் எதுவுமே கேட்காமல் நடமாடும்போது, கைக்கு எட்டுகிற எதையாவது விட்டுக் குடையலாமா என்று தோன்றத்தான் செய்கிறது. யாராவது கூப்பிட்டால் எந்தப் பக்கமிருந்து என்று தெரியாமல் திரும்பிக்கொண்டிருந்தேன். இளகுவதற்கு 3 முதல் 5 நாள் ஆகும் என்று டாக்டர்கள் சொல்வது சும்மா இல்லை. பலருக்கு இந்த எண்ணெயோடே விஷயம் முடிந்துவிடுகிறது, தண்ணீர்வரை போகவே வேண்டாம்.

எனக்குத் தண்ணீரும் தேவைப்பட்டது. ரப்பர்க் குமிழ் சிரிஞ்சில், கொதித்து ஆறிய நீர். அதன் சூடு உடல் வெப்பத்தோடு, அதாவது 37 டிகிரி செல்சியஸோடு ஒத்திருக்க வேண்டும். ரொம்பக் குளிர்ந்தாலும் சூடானாலும் உள்காதின் சமநிலை உறுப்பு ஏமாந்து, தலை கிறுகிறுவென்று சுற்றும். வியன்னாவில் நோயாளிகளின் காதைக் கழுவியபோது ராபர்ட் பாரனி என்ற டாக்டர் இதைக் கவனித்தார்: குளிர்ந்த நீருக்குக் கண்கள் ஒரு பக்கம் துடித்தன, வெந்நீருக்கு எதிர்ப்பக்கம். சமநிலை உறுப்பு பற்றிய ஆய்வுக்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசும் அவருக்குக் கிடைத்தது. நமக்கு அந்தப் பரிசோதனை வேண்டாம் என்று மணிக்கட்டில் விட்டுப் பார்த்துக்கொண்டேன்.

உட்கார்ந்தபடி, கீழே கிண்ணம் வைத்து, சிரிஞ்சின் முனையை வாசலிலேயே நிறுத்திக்கொண்டேன். காதை முழுக்க அடைத்துவிட்டால் நீர் திரும்பி வர வழியிருக்காது. செவிப்பறையை நோக்கி அடிக்காமல், குழாயின் மேல்பின் சுவரைப் பார்த்து மெதுவாகப் பீய்ச்சினேன். நீர் பட்டதும் இருமல் வந்தது. தொண்டைக்குப் போகும் வேகஸ் நரம்பின் கிளை ஒன்று காதுக் குழாய்க்கும் வருவதால் சிலருக்கு இப்படி ஆகும், பயப்பட ஒன்றுமில்லை. முதலில் வெறும் கலங்கல், பிறகு துகள்கள், அப்புறம் ஒரே கட்டியாகக் கிண்ணத்தில் விழுந்தது. வலித்தாலோ தலை சுற்றினாலோ அந்த இடத்திலேயே விட்டுவிடுவது என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன், தேவைப்படவில்லை. வராமல் போயிருந்தால் உறிஞ்சு கருவி வைத்திருக்கும் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் போவதாக இருந்தேன்.

தலையைச் சாய்த்து நீரை வடியவிட்டு, துண்டால் மடலை மட்டும் ஒற்றி எடுத்தேன். அன்று முழுக்க காகிதம் மடிக்கும் சத்தம்கூட எரிச்சலூட்டுகிற அளவுக்குக் கேட்டது. இடது காதிலும் கொஞ்சம் குறும்பி தெரிகிறதாம். அதில் நன்றாகக் கேட்கிறது, அடைப்போ வலியோ இல்லை, அதனால் அதைத் தொடவில்லை.