பழைய எஞ்சினும் பந்தய விதிப்புத்தகமும்

இருங்காட்டுக்கோட்டை ஓடுபாதையில் நடக்கும் டூரிங் கார் பந்தயத்தின் தொடக்கநிலைப் பிரிவு ஒன்றில் சேர்வதற்காக, புதுச்சேரிப் பதிவெண் கொண்ட பழைய மாருதி எஸ்டீம் ஒன்றை நானும் என் மச்சானும் சேர்ந்து வாங்கினோம். பாதுகாப்புக் கூண்டு, பந்தய இருக்கை, பெல்ட் எல்லாம் பணம் கொடுத்தால் முடிகிற வேலைகள். அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எங்களை இழுத்தடித்தது, அந்தப் பழைய எஞ்சினில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று விதிப்புத்தகத்திலிருந்து தெரிந்துகொள்வதுதான். அதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் அதை மட்டும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் பிரிவின் விதிகள், எஃப்ஐஏ என்ற சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பின் அப்பெண்டிக்ஸ் ஜே என்னும் விதித் தொகுப்பில், அதிகம் மாற்றாத தயாரிப்புக் கார்களான குரூப் என் கார்களுக்கென உள்ள 254ஆம் விதியை ஒட்டி எழுதப்பட்டவை. அனுமதிக்கப்படாத எந்த மாற்றமும் தடைசெய்யப்பட்டதே என்று அந்த விதி சொல்கிறது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று ஊரோடு இருக்கும் என் பெரியப்பாவிடம் இதைக் காட்டியபோது, சட்டம் தடுக்காத எதையும் யாரும் தடுக்க முடியாது என்று 1789ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் ஐந்தாம் பிரிவில் சொல்வதை எடுத்துக்காட்டி, "இது அதுக்கு நேர் எதிரா இருக்கேடா" என்று சிரித்தார். அவர் சொன்னது சரிதான். புத்தகத்தில் ஒன்றைப் பற்றி எதுவும் எழுதவில்லை என்றால், பந்தயக்காரர் அதைத் தொடக்கூடாது என்றே பொருள்.

ஆனால் சிக்கல் அடுத்த வாக்கியத்தில்தான் இருந்தது. வழக்கமான பராமரிப்புக்கும், தேய்ந்த அல்லது விபத்தில் சேதமான பாகங்களை மாற்றுவதற்கும் தேவையான வேலைகளைச் செய்யலாம். ஆனால் மாற்றிப் போடும் பாகம் பழையதைப் போன்ற அசல் பாகமாகவே இருக்க வேண்டும் என்கிறது அது. புதிய காரை மனதில் வைத்து எழுதிய வரி இது. இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய எஞ்சினில், பழுதுபார்ப்பது எங்கே முடிகிறது, மாற்றுவது எங்கே தொடங்குகிறது?

லேத் பட்டறையில் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியை, கழற்றியதும் இந்தக் கேள்வி கண்ணெதிரே வந்து நின்றது. ரிங் மேலே போய்த் திரும்பும் இடத்தில் நகத்தால் தடவினாலே படி தட்டுப்பட்டது. சிலிண்டரின் உள்விட்டத்தை (போர்) அளக்கும் போர் கேஜ் வைத்துப் பார்த்தால் நான்கு சிலிண்டர்களும் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருந்தன. மேஸ்திரிக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. "அம்பது ஓவர்சைஸ் போட்டுடலாம் தம்பி. கம்பெனிக்காரனே அந்த பிஸ்டனை விக்கிறான், எவன் கேப்பான்?" என்றார். அவர் வாதத்தில் பாதி நியாயம் இருந்தது. சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, அதற்குள் போடும் 0.50 மி.மீ. ஓவர்சைஸ் (பெரிய) பிஸ்டன் அசல் பாகம்தான். ஆனால் பழையதைப் போன்ற பாகம் அல்ல. கூடுதல் மாற்றங்களை அனுமதிக்கும் குரூப் ஏ கார்களுக்கான 255ஆம் விதி, எஞ்சின் கொள்ளளவு வகுப்பின் வரம்பைத் தாண்டாத வரை 0.6 மி.மீ. வரை ரீபோர் செய்யலாம் (சிலிண்டரை அகலமாக்கலாம்) என்று வெளிப்படையாகச் சொல்கிறது. எங்கள் பிரிவு விதியிலோ ரீபோர் பற்றி ஒரு வரிகூட இல்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த சலுகையை நம் வீட்டுக்கும் கொடுத்ததாக எடுத்துக்கொள்ள முடியாது.

கணக்கையும் போட்டுப் பார்த்தோம். எஸ்டீம் எஞ்சினின் போர் 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 75.5 மி.மீ.; அப்பெண்டிக்ஸ் ஜே தரும் சூத்திரப்படி 1298.9 சிசி. போர் 74.5 ஆனால் 1316.5 சிசி. எங்கள் வகுப்பின் வரம்பு 1400 என்பதால் அதில் ஆபத்தில்லை. ஆபத்து, பலரும் கவனிக்காத கம்ப்ரெஷன் ரேஷியோவில், அதாவது சிலிண்டருக்குள் வரும் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற அளவில், இருந்தது. அது தயாரிப்பாளர் அறிவித்த அளவைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் விதி. உதாரணமாக, பிஸ்டனுக்கு மேல் எஞ்சும் இடம் 38 சிசி என்றால் ரேஷியோ 9.55. ஹெட்டைத் தொடாமல் போரை மட்டும் 0.50 கூட்டினாலே அது 9.66 ஆகிவிடுகிறது. இதோடு, சூட்டில் வளைந்திருந்த எங்கள் ஹெட்டை ஃபேஸிங் செய்தால் (அடிப்பரப்பைச் சீவிச் சமப்படுத்தினால்) எஞ்சும் இடம் இன்னும் குறையும். 38 சிசி என்பது 36 ஆனால், ரீபோர் இல்லாமலேயே ரேஷியோ 10ஐத் தொட்டுவிடும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நியாயமான பழுதுபார்ப்புகள். இரண்டையும் சேர்த்தால், வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரியான ஸ்க்ரூட்டினியரின் கண்ணுக்கு அது ட்யூனிங், அதாவது சக்தியைக் கூட்டும் வேலை.

இந்த இடத்தில்தான் மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் கூட்டமைப்புக்கு எழுதிக் கேட்பது என்று முடிவு செய்தோம். மச்சான் முதலில் எழுதிய கடிதம், இது அனுமதிக்கப்படுமா என்று பொதுவாகக் கேட்டது, அதை அனுப்பவில்லை. பொதுவான கேள்விக்கு, விதியைப் படிக்கவும் என்ற பொதுவான பதில்தான் வரும். அதனால் தேய்மான அளவுகள், தயாரிப்பாளரின் சர்வீஸ் மேனுவலில் ஓவர்சைஸ் பிஸ்டன் குறிப்பிடப்பட்ட பக்கத்தின் நகல், ரீபோருக்குப் பின் வரும் கொள்ளளவு ஆகியவற்றை எழுதி, ஆம் அல்லது இல்லை என்று பதில் தரும்படியாகத் தனித்தனிக் கேள்விகளாகக் கேட்டோம். பதில் தாமதமாக வந்தாலும் தெளிவாக வந்தது. தயாரிப்பாளரே விற்கும் ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு அனுமதி உண்டு. ஃபேஸிங்குக்கும் உண்டு, ஆனால் ரேஷியோ வரம்புக்குள் இருக்க வேண்டும், ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கட் தகடு அசல் தடிமனில் இருக்க வேண்டும். எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலை இலேசாக்க அனுமதி இல்லை. கடைசிக் கேள்வியை மச்சான் ஆசைப்பட்டுச் சேர்த்திருந்தார். பதிலை எதிர்பார்த்தே சேர்த்தார் என்று நினைக்கிறேன்.

கேஸ்கட்டைத் தடிப்பாக்க முடியாது என்பதால், வளைந்த ஹெட்டைச் சீவுவதில் அர்த்தமில்லை. கடலூரில் ஒரு காயலான் கடையில் வளையாத ஹெட் ஒன்று கிடைத்தது. அதன் ஒவ்வொரு சேம்பர் (எரிபொருள் எரியும் குழி) மீதும் துளையிட்ட அக்ரிலிக் தகட்டைக் கிரீஸ் தடவி ஒட்டி, பியூரெட்டில் இருந்து எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளந்தோம். ஒன்றில் குமிழி நின்றுவிட்டதால் மறுபடி அளக்க வேண்டியிருந்தது. நான்கிலும் ரேஷியோ வரம்புக்குள் அடங்கியது.

மேஸ்திரியைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினமாக இருந்தது. காற்று உள்ளே போகும் வழியான இன்லெட் போர்ட்டின் வார்ப்புச் சொரசொரப்பைத் தேய்த்து வழவழப்பாக்காமல் ஹெட்டைத் திருப்பிக் கொடுப்பது அவருக்குத் தன் தொழிலுக்கே இழுக்கு. சொரசொரப்பு அப்படியே இருந்தால்தான் நாங்கள் கைவைக்கவில்லை என்று தெரியும் என்று சொல்லி, வால்வைத் தேய்த்துச் சரியாக உட்கார வைக்கும் வால்வ் லேப்பிங்கோடு நிறுத்தச் சொன்னோம். பில்லில் "போர்ட் வேலை செய்யவில்லை, வண்டிக்காரர் விருப்பம்" என்று எழுதிய பிறகே விட்டார்.

பந்தயம் முடிந்ததும் எங்கள் வண்டியைத் தனியே நிறுத்தி ஹெட்டைக் கழற்றச் சொன்னார்கள். அவர்களாகத் தேர்ந்தெடுத்த ஒரு சிலிண்டரின் போரை அளந்தார்கள். போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பிஸ்டன் பில்லையும் கூட்டமைப்பின் பதில் கடிதத்தையும் வாங்கிப் படித்தார்கள். வண்டியின் பதிவேட்டில் 1316 சிசி என்று எழுதியிருக்கிறார்கள். இனி ஒவ்வொரு பந்தயத்திலும் அந்த எண்ணோடுதான் ஒப்பிடுவார்கள். எங்களுக்குக் கிடைத்த அனுமதி 0.50 வரை மட்டுமே என்பதால் சிலிண்டர்கள் உள்ள இந்த எஞ்சின் ப்ளாக்கை மறுபடி கடைந்து அகலமாக்க முடியாது. அடுத்த தேய்மானத்துக்கு ஸ்டாண்டர்ட் அளவில் வேறொரு ப்ளாக் வேண்டும். அதற்கும் கடலூர் கடையில் மேஸ்திரி சொல்லி வைத்திருக்கிறார்.