ராஜாஜி உட்காராத திண்ணை

சேலத்தில் எந்தப் பழைய வீட்டுக்குள் நுழைந்தாலும் பத்து நிமிஷத்துக்குள் ராஜாஜி வந்துவிடுவார். 1900இல் இங்கே வக்கீல் தொழிலைத் தொடங்கியவர், 1917இல் நகராட்சித் தலைவரானவர், 1919இல் சென்னைக்குக் குடிபோனவர். அத்தனை வருஷம் ஊரில் இருந்தவர் நிறையத் திண்ணைகளில் உட்கார்ந்திருப்பார்தான். ஆனால் நான் இதுவரை கேட்ட திண்ணைகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால், அவருக்குக் கோர்ட்டுக்குப் போக நேரமே இருந்திருக்காது.

செவ்வாய்ப்பேட்டையில் நண்பனின் பெரியம்மா வீடு இருக்கிறது. இடிக்கப் போகிறார்கள், அதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடு என்றான். ஏற்காடு எக்ஸ்பிரஸ் விடியுமுன்பே இறக்கிவிட்டது. லீ பஜார் பக்கம் அப்போதே மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் வாங்கிய பேட்டை. இப்போது எல்லாக் கிழமையும் சந்தைதான்.

“வாங்க கண்ணு. இந்தத் திண்ணையிலதான் ராஜாஜி உக்காந்தாரு” என்றார் பெரியம்மா. காபிகூட இன்னும் வரவில்லை.

திண்ணை தெருவிலிருந்து ஒரே ஒரு படி உயரத்தில் இருந்தது. பெரியம்மா கல்யாணமாகி வந்தபோது நாலு படியாம். ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டதில் மூன்று படி மண்ணுக்குள் போய்விட்டது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் நடையைத் தாண்டி முற்றம் வரை வருகிறது. முற்றத்தில் விழும் தண்ணீர் தெருவுக்கு ஓடத்தான் அந்தக் காலத்தில் வாட்டம் பார்த்துக் கட்டியிருப்பார்கள்.

நிமிர்ந்து பார்க்க வேண்டியது மேல்தளம். வரிசையாகத் தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் சன்னச் செங்கல்களைக் குத்துக்கல்லாகச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்திருக்கிறார்கள். மெட்ராஸ் டெரஸ் என்பார்கள், பெரியம்மாவுக்கு அது மெத்தை. மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் உட்கார்ந்து நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டுவார்கள். கட்டியவர் வெல்ல மண்டிக்காரர். சரக்குக்கு வெளியே அலைந்திருக்க மாட்டார்.

அப்புறம் பெரியம்மா தகரப் பெட்டியைத் திறந்தார். பில்டர் கேட்டதால் தாய்ப் பத்திரம் வரை எல்லாம் மேலேயே இருந்தன. ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட முத்திரைத்தாளில் மண்டிக்காரர் மனை வாங்கிய கிரயப் பத்திரம். செக்குபந்தியை, அதாவது மனையின் நாலு எல்லைகளைப் படித்தேன்: வடக்கே ஒருவருடைய வீடு, கிழக்கே சந்து, நடுவே ‘மேற்படி காலி மனை’. தேதியைப் பார்த்தேன். ராஜாஜி சென்னைக்குப் போய் ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது.

பெரியம்மாவிடம் உடனே சொல்ல மனம் வரவில்லை. சாட்சிக்கு இன்னொன்று தேடலாம் என்று இரண்டாம் கட்டுக்குப் போனேன். தாழ்வாரத்திலிருந்து இறங்கிக் கிடந்த ஓட்டைத் திருப்பினால் ‘காமன்வெல்த்’ என்ற முத்திரை. 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு. முதல் உலகப் போருக்குப் பிறகு அவர்களுடைய தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயின. ஆக ஓடும் ராஜாஜிக்கு எதிராகத்தான் சாட்சி சொன்னது.

மண்டிக்காரர் நொடித்தபோது வீட்டை ஒரு வெள்ளி வியாபாரியிடம் ஒத்திக்கு வைத்தார். ஒத்தி மீளவில்லை, கிரயமாகிவிட்டது. வீடு முழுக்கக் கல்தளம் இருக்க, முன்னறையில் மட்டும் சிவப்புச் சிமெண்ட் தரை ஏன் என்று கேட்டேன். அங்கேதான் கொலுசுப் பட்டறை நடந்ததாம். காலி பண்ணும்போது தரையையே கொத்தி மண்ணை மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அத்தனை வருஷம் அரத்தில் உதிர்ந்த வெள்ளித்தூள் அந்த மண்ணில் இருக்குமே. எந்தப் பத்திரத்திலும் இது இல்லை.

அவர்களிடமிருந்து வாங்கியவர் பெரியம்மாவின் மாமனார். அவருக்கு இரண்டு மகன்கள். பாகப்பிரிவினைக்கு முந்தைய வீட்டை இப்போது மனதில் கட்டிப் பார்க்க வேண்டியதுதான், ஏனென்றால் முற்றத்தின் நடுவே ஆளுயரச் சுவர் போகிறது. எட்டுத் தூண்களில் இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. கொல்லையில் கிணற்றின் வாய்க்கு மேலேயே சுவர் தாண்டிப் போகிறது. பக்கத்துக்கு ஒரு கப்பி. ‘பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கும் பாத்தியம்’ என்று பத்திரத்தில் ஒரு வரி. அண்ணன் தம்பி பேச்சு நின்ற பிறகும் எதிர்க் கப்பியின் சத்தத்தை வைத்து, அந்த வீட்டில் விருந்தாளி வந்திருக்கிறார்களா என்று தெரிந்துகொள்வாராம் பெரியம்மா. எனக்கு அந்த வீட்டிலேயே பிடித்த இடம் அந்தக் கிணறுதான்.

கடைசித் தாள் பெரியம்மாவின் மகள் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம். பூர்வீகச் சொத்தில், அப்போது கல்யாணமாகாதிருந்த மகள்களுக்கும் மகன்களோடு சம பங்கு என்று 1989இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அந்தப் பெட்டியில் ஒரு பெண்ணின் கையெழுத்து உள்ள முதல் பத்திரம் இதுதான், அதுவும் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதற்கு. “அவளே ஆசைப்பட்டுத்தான் குடுத்தா” என்றார் பெரியம்மா, நான் கேட்காமலேயே.

மத்தியானம் தட்டுவடை செட் வாங்கி வரச்சொல்லிக் கொடுத்தார். தைரியம் வந்து, தேதி விஷயத்தைச் சொன்னேன். ராஜாஜி ஊரில் இருந்தவரை இங்கே வீடே இல்லை, வெறும் மனைதான் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

“சரி கண்ணு, அப்ப காலி மனையில வந்து நின்னு பாத்திருப்பாரு.”