ச-ப-ச-ப சேர்த்த ஃபிடிலோடு மவுண்ட் ஏரிக்கு

ஜூன் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலை, பின் இருக்கையில் ஒரு கூடாரத்தையும் மூன்று ஆண்டுகளாக நான் பழகிவரும் ஃபிடிலையும் (வயலின்தான்) வைத்துக்கொண்டு, ராலேயிலிருந்து மவுண்ட் ஏரிக்குப் புறப்பட்டேன். அமெரிக்காவின் வட கரோலினாவும் வர்ஜீனியாவும் சந்திக்கும் எல்லைக்கு அருகில், ப்ளூ ரிட்ஜ் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் அந்தச் சிற்றூரில், ஆண்டுதோறும் இந்த வாரக்கடைசியில் ஃபிடில் வாசிப்பவர்கள் கூடுகிறார்கள். மேடையில் போட்டிகள் நடக்கும். ஆனால் என்னைப் போன்ற அமெச்சூர்கள் போவது மேடைக்காக அல்ல, கூடாரங்களுக்கு நடுவில் விடிய விடிய நடக்கும் வாசிப்புக்காகத்தான்.

நெடுஞ்சாலை 40இல் மேற்கே போகும்போது முதல் மணி நேரத்திலேயே மெபேன் என்ற ஊர் வருகிறது. அங்கே நிற்பதற்கு எனக்குக் காரணம் ஏதும் இல்லை. இருந்தும் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் காரின் வேகத்தைக் குறைத்துவிடுகிறேன். ஜோ தாம்ப்சன் (1918–2012) வாழ்ந்த ஊர் அது. ஃபிடிலும் பாஞ்சோ என்ற தந்திக் கருவியும் சேர்ந்து ஒலிக்கும், ஓல்டு-டைம் எனப்படும் இந்த இசையை மலைவாழ் வெள்ளையர்களின் சொத்தாகவே பலரும் நினைக்கிறார்கள். பாஞ்சோவின் மூலம் ஆப்பிரிக்கா. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் இரண்டு கருவிகளையும் இணைத்து வாசித்ததில்தான் இந்த இசை உருவம் பெற்றது. அந்தக் கறுப்பின மரபைத் தம் குடும்பத்தாரிடமிருந்து நேரடியாகப் பெற்றவர் தாம்ப்சன். 2005 வாக்கில் சில இளைஞர்கள் அவர் வீட்டுக்குத் தவறாமல் வந்து, எதிரில் உட்கார்ந்து வாசித்துக் கற்றார்கள். கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்ற குழு அப்படித்தான் உருவானது.

வின்ஸ்டன்-சேலத்தில் வடக்கே திரும்பி நெடுஞ்சாலை 52இல் ஏறினால், சிறிது நேரத்தில் பைலட் மலை தெரிகிறது. மரங்கள் அடர்ந்த சரிவின் உச்சியில் செங்குத்தாக எழுந்து நிற்கும் உருண்டைப் பாறை அது. அதைக் கடந்து அரை மணி நேரத்துக்குள் மவுண்ட் ஏரி வந்துவிட்டது. கிரானைட் கல் குவாரிக்குப் பேர்போன ஊர் இது. கடைத்தெருவின் பழைய கட்டடங்களிலும் அந்த வெளிர்நிறக் கல்லைக் காணலாம். ஊருக்கு மேற்கே ரவுண்ட் பீக் என்ற சிறிய குடியிருப்புப் பகுதி இருக்கிறது. ஓல்டு-டைம் இசையில் 'ரவுண்ட் பீக் பாணி' என்றால் உலகின் எந்த மூலையில் இருக்கும் ஃபிடில் மாணவருக்கும் தெரியும்.

அந்தப் பாணி வெளியுலகை எட்டியதற்கு டாமி ஜாரெல் (1901–1985) முக்கியக் காரணம். வாழ்நாளில் பெரும்பகுதி நெடுஞ்சாலைத் துறையில் சாலை சமன்படுத்தும் இயந்திரத்தை ஓட்டியவர் அவர். 1960களின் பிற்பகுதியில், ஓய்வு பெற்று மனைவியையும் இழந்திருந்த நிலையில், எங்கிருந்தெல்லாமோ தேடிவந்த இளைஞர்களுக்கு அவர் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து, வேண்டிய மட்டும் வாசித்துக் காட்டினார். 1982இல், தேசிய மரபுக்கலை விருது முதன்முதலாக வழங்கப்பட்ட ஆண்டிலேயே, அது அவருக்குக் கிடைத்தது. அவரிடம் நேரில் கற்றவர்களில் சிலர் முதியவர்களாக இன்றும் இந்தக் கூடாரங்களுக்கு வருகிறார்கள். ஒலிப்பதிவுகள் எத்தனை இருந்தாலும் இங்கே நேரில் வருவதற்கு அது ஒன்றே எனக்குப் போதுமான காரணம்.

இங்கே என் பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிறு வயதில் நான்கு ஆண்டுகள் கர்நாடக வயலின் கற்று, வர்ணம் வரை வந்து, பிறகு விட்டுவிட்டேன். ஃபிடிலும் வயலினும் ஒரே கருவிதான். சிலர் தந்திகளைத் தாங்கும் 'குதிரை' என்ற மரத்துண்டின் மேல்வளைவை மட்டும் சற்றுத் தட்டையாக இழைத்துக்கொள்வார்கள், இரண்டு தந்திகளைச் சேர்த்து வாசிக்க அது வசதியாக இருக்கும். மேற்கத்திய முறையில் தந்திகளை ஜி, டி, ஏ, ஈ என்று சேர்ப்பார்கள். ஓல்டு-டைம் வாசிப்பில் ஏ சுருதியில் அமைந்த பல மெட்டுகளுக்குக் கீழ்த் தந்திகள் இரண்டையும் ஒரு முழு ஸ்வரம் ஏற்றி, ஏ, ஈ, ஏ, ஈ என்று ஆக்கிக்கொள்கிறார்கள். முதன்முறை அப்படிச் சேர்த்துவிட்டு நான்கு தந்திகளையும் வில்லால் தடவியபோது என் கை அப்படியே நின்றுவிட்டது. மந்திர ஸட்ஜம், மந்திர பஞ்சமம், மத்திய ஸட்ஜம், மத்திய பஞ்சமம்: என் குருநாதர் தினமும் சேர்த்துக் கொடுத்த அதே ச-ப-ச-ப. ஸ்காட்லாந்தில் 18ஆம் நூற்றாண்டிலேயே வழக்கத்தில் இருந்த சுருதி இது. அங்கிருந்தும் வட அயர்லாந்திலிருந்தும் வந்து குடியேறியவர்கள் அப்பலாச்சிய மலைகளில் இதையே வாசித்தார்கள். ஏறத்தாழ அதே காலகட்டத்தில் சென்னைப் பக்கத்தில் பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1859) ஐரோப்பியரின் வயலினை நம் இசைக்குப் பழக்கினார். விட்டுப்போன கருவியை நான் மறுபடி கையில் எடுத்தது இந்த மெட்டுகளுக்காக. ஆனால் அது அந்நியமாகப் படாமல் இருந்ததற்கு இந்தச் சுருதிதான் காரணம்.

சுருதி ஒன்றுதான், ஆனால் வாசிப்பு வேறு. கர்நாடக வயலினில் உயிர் இடது கையில் இருக்கிறது; கமகம் முழுவதும் விரலின் வேலை. ஓல்டு-டைம் ஃபிடிலில் உயிர் வில்லில் இருக்கிறது. இது நடனத்துக்கான இசை. எட்டு தாள அளவுகள் கொண்ட ஒரு பகுதி இரண்டு முறை, அதே நீளமுள்ள இன்னொரு பகுதி இரண்டு முறை, அவ்வளவுதான் ஒரு மெட்டு. மேல் தந்திகளில் நடப்பதை 'ஃபைன்' என்றும் கீழ்த் தந்திகளில் நடப்பதைக் 'கோர்ஸ்' என்றும் சொல்கிறார்கள். முழு மெட்டும் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதையே பத்து, பதினைந்து தடவை திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். ப்ளூகிராஸ் என்ற இன்னொரு இசைப் பாணியில் ஒருவர் மாற்றி ஒருவர் தனித்து வாசித்துத் திறமை காட்டுவார்கள். இங்கே எல்லாரும் ஒரே மெட்டை ஒரே நேரத்தில் வாசிப்பார்கள். ஐந்தாவது ஆறாவது சுற்றில் மெட்டு கைக்கு வந்துவிடும், பத்தாவது சுற்றில் யார் வாசிக்கிறார்கள் என்பதே மறந்துவிடும். ஸ்வரக் குறிப்புப் புத்தகம் யார் மடியிலும் இல்லை. முழுக்க முழுக்கக் கேள்வி ஞானம்.

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஒரு கூடாரத்தின் வெளிவட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். புதியவர்கள் வெளிவட்டத்தில் மெல்ல வாசிக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் ஒரு மெட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் சும்மா வில்லை இழுத்துக்கொண்டிருப்பது மரியாதையாகாது. 'பிரேக்கிங் அப் கிறிஸ்மஸ்' தொடங்கியது. ரவுண்ட் பீக் பகுதிக்கே உரிய மெட்டு அது. முற்காலத்தில் கிறிஸ்மஸ் தொடங்கி ஜனவரி 6ஆம் தேதி வரும் பழைய கிறிஸ்மஸ் வரை, ஒவ்வொரு இரவும் ஒரு வீடு என்று மரச்சாமான்களை வெளியே எடுத்துப்போட்டு ஆடுவார்களாம். அந்த வழக்கத்தின் பெயர்தான் மெட்டுக்கும். ஸ்வரங்கள் எனக்குத் தெரிந்திருந்தன. ஆனால் என் வாசிப்பு மற்றவர்களின் வாசிப்போடு ஒட்டவே இல்லை.

எனக்கு முன்னால் இருந்த முதியவர் மெட்டு முடிந்ததும் திரும்பி, "இடது கையை எடுத்துவிடுங்கள். விரலே வேண்டாம். திறந்த தந்தியில் வில்லை மட்டும் ஓட்டுங்கள்" என்றார். பிறகு தன் கையை மெதுவாக ஓட்டிக் காட்டினார். வில்லின் அடிமுனையில் பிடிக்காமல் நான்கு விரற்கடை மேலே பிடித்திருந்தார். அந்த இடத்தில் கட்டையின் மெருகு தேய்ந்து வெளிறியிருந்தது. முழங்கை அசையவில்லை. மூன்று ஸ்வரங்களை ஒரே மேல்வில்லில் (வில்லை மேலே தள்ளும் வீச்சில்) கோத்துவிட்டு, நான்காவதைக் கீழ்வில்லில் (கீழே இழுக்கும் வீச்சில்) வெடுக்கென்று அழுத்தினார். அந்த அழுத்தம் கால் தரையைத் தொடும்போது விழவில்லை, கால் மேலே எழும்போது விழுந்தது. நான் அதுவரை புத்தகத்தில் படித்தபடி ஒரு நெடில், இரண்டு குறில் என்று 'தா தக, தா தக' போட்டுக்கொண்டிருந்தேன். அதில் தாளம் இருந்தது, துள்ளல் இல்லை.

அடுத்த இரண்டு மெட்டுகளுக்கும் விரல் வைக்காமல் வெறும் ச-ப, ச-ப என்று திறந்த தந்திகளில் வில்லை மட்டும் ஓட்டினேன். சுருதி சேர்ந்திருந்ததால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. பாஞ்சோவுக்கு அடியில் தம்புரா போலவே அது ஒலித்தது. நடுவில் ஒரு பெண்மணி தரையில் கிடந்த பிளைவுட் பலகையின் மேல் ஏறிப் பாதம் தட்டி ஆடத் தொடங்கினார். அவர் குதிகால் எழும் கணமும் முதியவரின் கீழ்வில்லும் ஒன்றாக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் என் மணிக்கட்டுக்கு அது புரிந்தது. அதன்பின் ஒவ்வொரு விரலாகச் சேர்த்தேன்.

யார் தொடங்கினாரோ அவர் ஒரு காலை முன்னால் தூக்கிக் காட்டினால் அதுவே கடைசிச் சுற்று என்று பொருள். நள்ளிரவு தாண்டி 'பிரேக்கிங் அப் கிறிஸ்மஸ்' மறுபடி வந்தபோது முதியவர்தான் தொடங்கினார். அவர் கால் எழுந்ததை நான் பார்த்தேன்; எல்லாருடைய வில்லும் நின்ற இடத்தில் என் வில்லும் நின்றது.

சனிக்கிழமை காலை ஏர்ல் திரையரங்குக்குப் போனேன். 1948இல் தொடங்கிய டபிள்யூ.பி.ஏ.க்யூ. என்ற உள்ளூர் வானொலி நிலையம், சனிக்கிழமைகளில் அங்கிருந்து நேரடி இசை ஒலிபரப்புகிறது. நல்ல நிகழ்ச்சிதான், ஆனால் என் காது முந்தைய இரவிலேயே இருந்தது. மாலையில் கூடாரத்தைச் சுருட்டும்போது முதியவர் வந்து, ஆகஸ்டில் கேலக்ஸுக்கு வருவீர்களா என்று கேட்டார். எல்லைக்கு அப்பால் வர்ஜீனியாவில் 1935இல் தொடங்கிய பெரிய ஃபிடில் மாநாடு அது. வருகிறேன் என்றேன். அதற்குள் டி, டி, ஏ, டி என்று சேர்த்து வாசிக்கும் ஒரு மெட்டைக் காதால் மட்டும் பிடித்துக்கொண்டு வரச் சொல்லி, அதன் முதல் பகுதியை இரண்டு முறை வாசித்துக் காட்டிவிட்டுப் போனார்.