சொட்டு நீலம்

மார்ச் 4
இடக்கண்ணில் புரை எடுத்து ஆறு நாளாகிறது. கறுப்புக் கண்ணாடி, சொட்டு மருந்து, தலைக்குக் குளிக்கத் தடை. தூரிகையைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை, வீட்டம்மாதான் சொல்கிறாள். பொதுப்பணித் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் மதகும் வாய்க்காலும் வரைந்தவன் நான். நீர்வண்ணம் பழகியது ஓய்வு பெற்ற பிறகுதான். வயது 71 ஆகியும் என் அலைகள் அளவுகோல் வைத்துப் போட்டவை போலத்தான் இருக்கின்றன.

மார்ச் 9
குளியலறையில் ஒரு வேடிக்கை. வலக்கண்ணைப் பொத்தினால் சுவர் வெள்ளை. இடக்கண்ணைப் பொத்தினால் அதே சுவர் டீ வடிகட்டிய துணி. வயதாக ஆகக் கண்ணின் வில்லை பழுப்பேறி நீல ஒளியை மறித்துவிடுகிறது. மெல்ல மெல்ல நடப்பதால் நமக்குத் தெரிவதேயில்லை. மாற்றி மாற்றிப் பொத்திக்கொண்டிருந்தேன். "உள்ளே என்னங்க செய்கிறீர்கள்?" என்று கதவு தட்டப்பட்டது.

மார்ச் 10
பயந்துகொண்டே பழைய படங்களை எடுத்தேன். புதுச்சேரி வம்பாகீரப்பாளையம் துறைமுகப் பாலம். 2022 மார்ச்சில் அதன் ஒரு பகுதி கடலில் சரிந்ததல்லவா, முழுதாக நின்ற கோலத்தைப் போன ஆண்டு நினைவிலிருந்து வரைந்தேன். அந்தக் கடலின் நீலம் மனதில் இருந்தது. கண்ணுக்குப் போதும் என்று படும்வரை பூசித் தள்ளியிருக்கிறேன். வேட்டிக்குச் சொட்டு நீலம் கூடிப்போனது போல, தூண்கள்கூட நீலம்! ஒருவரும் சொல்லவில்லையே என்றேன். "நான் சொன்னேனே தாத்தா, உனக்கு நிறம் தெரியாது என்றீர்கள்" என்கிறாள் பேத்தி.

மார்ச் 11
பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கும் கண்புரைதான். 1923இல், 82 வயதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அதன்பின் பழைய படங்கள் சிலவற்றைத் திருத்தினார். அவருடையது எண்ணெய் வண்ணம், மேலே பூசிவிடலாம். நான் ஈரப் பஞ்சால் ஒரு மூலையை ஒற்றிப் பார்த்தேன். நீலம் கொஞ்சம் வந்தது, காகிதத்தில் நார் எழும்பியது. விட்டுவிட்டேன். அது என் பழைய கண் போட்ட படம், அப்படியே இருக்கட்டும்.

மார்ச் 24
டாக்டர் அனுமதி கொடுத்தாயிற்று. விடிகாலையில் கடற்கரைச் சாலை, காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்களுக்கு எதிரே உட்கார்ந்தேன். ஒரே கண்ணால் பார்த்து அதே கண்ணால் நிறம் கலந்தால் மஞ்சள் மஞ்சளோடு கழிந்துவிடும். படத்தில் ஒன்றும் தெரியாது. ஆகவே, பழுப்பேறிய கண் காண்பதைப் படத்தில் கொண்டுவர, பார்ப்பது வலக்கண்ணால், கலப்பது இடக்கண்ணால். நடைப்பயிற்சிக்கு வந்தவர் ஒருவர், கிழவர் யாருக்கோ கண்ணடிக்கிறார் என்று நினைத்திருப்பார், திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார். ஒரு தூணுக்கே காவியும் மஞ்சளும் பாதித் தட்டு தீர்ந்தது.

வலக்கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குள் இன்னும் மூன்று தூணாவது முடித்தாக வேண்டும்.