துணியைக் கீழே வை

பென்சில்வேனியாவின் தென்கிழக்கில் உள்ள ஓர் ஏல நிறுவனத்தில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கேட்லாக் எழுதுவது என் பொறுப்பு. வீட்டுக்காரர் காலமாகி, பிள்ளைகள் வீட்டைக் காலி செய்யும்போது சாமான்கள் வேனில் எங்களிடம் வந்து இறங்கும். ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்து, அளந்து, என்ன மரம், ஏறத்தாழ எந்தக் காலம், எங்கே உடைந்தது, எங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்று நாலு வரி எழுதி, ஏலத்துக்கான லாட் எண் போட வேண்டும். ஊரில் யாராவது கேட்டால் "பழைய சாமான் விற்கிற இடம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் விளக்கினால் அம்மாவின் முகம் போகிற போக்கு எனக்குத் தெரியும்.

வெள்ளிப் பாத்திரம், நகையெல்லாமும் வரும். ஆனால் எங்கள் ஏலக்கூடத்தில் உட்கார இடமில்லாமல் கூட்டம் நிற்பது பண்ணை வீட்டுச் சாமான்களுக்குத்தான். மாவு பிசைந்த மரத்தொட்டி, பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த பூப்போட்ட பெட்டி, செம்மண் தட்டு, களஞ்சியக் கூரையில் நின்று காற்றுத் திசை காட்டிய செம்புச் சேவல், வேட்டைக்காரர்கள் நிஜ வாத்துகளை ஏமாற்றத் தண்ணீரில் மிதக்கவிட்ட மர வாத்து. மர வாத்துதானே என்று நானும் சிரித்திருக்கிறேன். மாசசூசெட்ஸ், கேப் காடைச் சேர்ந்த எல்மர் குரோவெல் செதுக்கிய இரண்டு பறவைகள் 2007ல் தலா 11 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயின என்று தெரிந்தபிறகு சிரிப்பதில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மெழுகுவர்த்திப் பெட்டி வந்தது. பைன் மரம், முக்கால் முழ நீளம், பக்கவாட்டில் இழுத்துத் திறக்கிற மூடி. மூடியில் விரல் நகம் பதிய ஒரு பிறை வெட்டு. காவியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து அடித்த பெயிண்ட். ஆனால் காவி எங்கும் கண்ணில் படவில்லை. முழுக்க ஒரு கறுத்த பிசுக்கு. மூடியைத் தொடுகிற இடம் மட்டும் பளபளவென்று கறுப்பு. படம் எடுக்க வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்து வளர்ந்த கை எனக்கு. சும்மா இருக்குமா? துணியை நனைத்து, பாத்திரம் கழுவும் சோப்பில் இரண்டு சொட்டு விட்டு, ஒரு பக்கத்தைத் துடைத்தேன். துணி பழுப்பாகியது. அடியிலிருந்து அழகான செங்கல் சிவப்பு வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

"துணியைக் கீழே வை."

பின்னால் எங்கள் பெரியவர். ஐம்பது வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவர். கத்தவில்லை. கிட்டே வந்து, நான் துடைத்த இடத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கை அளவுக்கு இருந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் கூப்பிட்டு, "கண்டிஷன் ரிப்போர்ட்டை நீயே எழுது" என்றார். வலது பக்கத்தில் ஓர் உள்ளங்கை அளவு இடம் அண்மையில் துடைக்கப்பட்டுள்ளது என்று எழுதினேன். யாரால் என்பதைச் சேர்க்க வேண்டுமா என்று கேட்டதற்கு, "அதை வாங்குகிறவன் கேட்க மாட்டான்" என்றார். மூவாயிரம் நாலாயிரம் போகும் என்று கணக்குப் போட்டிருந்த பெட்டி தொள்ளாயிரம் டாலருக்குப் போனது.

நான் துடைத்தெடுத்தது அடுப்புப் புகை, மெழுகு, ராத்திரியில் இருட்டில் தடவித் தடவி வர்த்தி எடுத்த கைகளின் எண்ணெய் எல்லாம் சேர்ந்து படிந்த மேல்தோல். சேகரிப்பவர்கள் இதை வெறுமனே 'சர்ஃபேஸ்' என்பார்கள். அசல் பெயிண்டும் அசல் அழுக்கும் அப்படியே இருக்கும் பெட்டிக்கு ஒரு விலை. அதையே சுரண்டிப் பாலிஷ் போட்டு மினுக்கினால் பத்தில் ஒரு பங்கு கூடத் தேறாது.

அதற்குப் பிறகு பெரியவர் எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். பாடம் என்றால் உட்கார்ந்து அல்ல. முக்கால்வாசி நேரம் தரையில் படுத்து. மேசைக்கு அடியில் டார்ச்சோடு ஊர்ந்து போய்ப் பார்ப்பதுதான் முதல் வேலை. மேல்பக்கம் எல்லாரும் பார்ப்பது. பொய் சொல்ல நினைப்பவன் அங்கே கவனமாக இருப்பான்.

வட்ட மேசை வந்தால் டேப்பால் இரண்டு திசையில் அளப்போம். மரம் காலப்போக்கில் இழைக்குக் குறுக்காகச் சுருங்கும், இழையின் வாக்கில் சுருங்காது. அதனால் இருநூறு வருடத்து வட்டம் இன்று வட்டமாக இருக்கக் கூடாது. ஒரு பக்கம் கால் அங்குலமோ அரை அங்குலமோ குறைந்திருக்க வேண்டும். கச்சிதமான வட்டம் என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அப்புறம் ஆணி. கொல்லன் ஒவ்வொன்றாக அடித்த ஆணிக்குத் தலை பூ மாதிரி நசுங்கியிருக்கும். 1790களிலிருந்து தகட்டில் எந்திரம் வெட்டிய பட்டை ஆணி. நாம் இன்று பார்க்கும் உருண்டைக் கம்பி ஆணி பரவியது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். பலகையின் பின்புறம் வாள் தடம் நேர்கோடாக இருந்தால் மேலும் கீழும் ஓடிய பழைய வாள். வில் வில்லாக வளைந்திருந்தால் பின்னால் வந்த வட்ட வாள். இழைப்புளி ஓடிய பலகையைக் கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவினால்தான் தெரியும். மெல்லிய அலை அலையாக இருக்கும். இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் என் கை தானாக மேசைக்கு அடியில் போகிறது. விருந்துக்குப் போன இடத்தில் கணவர் முறைத்திருக்கிறார்.

இதெல்லாம் போலி செய்பவனுக்கும் தெரியும் என்பதுதான் சங்கடம். பழைய களஞ்சியத்தை இடித்த பலகை கிடைக்கும், பழைய ஆணி கிலோக் கணக்கில் கிடைக்கும். ரோட் ஐலண்டைச் சேர்ந்த சிற்பி அர்மாண்ட் லாமொன்டாய்ன் 1969ல் 17ஆம் நூற்றாண்டுப் பாணியில் ஒரு நாற்காலி செய்தார். அமெரிக்காவுக்கு ஆரம்பகாலத்தில் வந்த ஆங்கிலேயக் குடியேறிகளில் ஒருவரான வில்லியம் புரூஸ்டரின் பெயரால் வழங்கும் நாற்காலி வகை அது. நிபுணர்கள் என்று தலைகனத்தோடு இருப்பவர்களை ஏமாற்றிக் காட்டுவதே நோக்கம். வியாபாரிகள் கைமாறி, மிச்சிகனில் இருக்கும் ஹென்ரி ஃபோர்டு மியூசியம் அதை 9,000 டாலருக்கு வாங்கியது. 1977ல் அவரே உண்மையைச் சொன்னார். துளைகளைப் போட்டது நவீன டிரில் என்று எக்ஸ்ரே காட்டிக்கொடுத்தது. பெரியவர் இந்தக் கதையை மாதம் ஒருமுறையாவது சொல்வார், ஒவ்வொரு முறையும் நாற்காலி செய்தவர் பக்கம்தான் நிற்பார்.

எனக்குப் பிடித்த பிரிவு தாள். இந்தப் பக்கத்தில் குடியேறிய ஜெர்மானியர்கள் பிள்ளை பிறந்தால், ஞானஸ்நானம் ஆனதும் ஒரு சான்றிதழ் எழுதி வாங்குவார்கள். உடைந்த உடைந்த கோணல் எழுத்து, சுற்றிலும் கிளி, துலிப் பூ, இதயம், தேவதை. ஃப்ராக்டூர் என்று பெயர். எழுதியவர்களில் பலர் பள்ளிக்கூட வாத்தியார்கள். சம்பளம் போதாததற்கு இது மேல்வரும்படி. ஃப்ரீட்ரிக் கிரெப்ஸ் என்பவர் அமெரிக்கச் சுதந்திரப் போரில் ஆங்கிலேயர் பக்கம் சண்டை போட வந்த ஜெர்மன் சிப்பாய். போர் முடிந்ததும் இங்கேயே தங்கி வாத்தியாராகி, இப்படிச் சான்றிதழ்களை எழுதித் தள்ளினார்.

அந்த எழுத்தை வாசிக்கப் பழக எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்க ஆனது. பெயர், அப்பா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், ஊர், தேதி. ஒருநாள் அதற்கு அடுத்த வரியில் தடுக்கி நின்றேன். பிள்ளை எந்த ராசியில் பிறந்தது என்று எழுதியிருந்தது. சிம்மம்! பைபிள் வசனத்துக்கும் கிளிக்கும் நடுவில் சிம்ம ராசி. என் ஜாதக நோட்டு பீரோவில் மஞ்சள் தடவி இருக்கிறது என்று பெரியவரிடம் சொன்னேன். "பழசா?" என்று கேட்டார். தொழில் புத்தி.

மை மாசிக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சேர்த்துக் காய்ச்சியது. அந்த இரும்பு மெல்ல மெல்லத் தாளைத் தின்னும். சில சான்றிதழ்களில் பேனா அழுத்திய கோடு கோடாகவே தாள் விட்டுப்போய், எழுத்து இருந்த இடத்தில் எழுத்து வடிவில் ஓட்டை இருக்கும். அதைத் தூக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். இந்தத் தாள்களுக்கு இன்னொரு பயனும் இருந்தது. 1830களில் சுதந்திரப் போர் வீரர்களின் விதவைகள் ஓய்வூதியம் கேட்டபோது, கல்யாணம் ஆனதற்கும் பிள்ளை பிறந்ததற்கும் அத்தாட்சி கேட்டார்கள். பைபிளுக்குள் வைத்திருந்த குடும்பத் தாளையே எடுத்து அனுப்பினார்கள். கிளியும் பூவுமாக அவை இன்றும் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில், மனுக்களோடு மனுவாக இருக்கின்றன. திரும்பிக் கேட்டவர்கள் இருந்தார்களா என்று நினைத்துக்கொள்வேன்.

இந்தச் சாமான்களைச் செய்த யாரும் 'நாட்டார் கலை' என்று நினைத்துச் செய்யவில்லை. அந்தப் பெயரைச் சூட்டியது 1920களின் நியூயார்க் ஓவியர்களும் சிற்பிகளும்தான். 1932ல் நவீன கலை மியூசியத்தில் கண்காட்சியே வைத்தார்கள். பணக்காரர்கள் பின்னாலேயே வந்தார்கள். ஹென்ரி டூ பாண்ட் டெலவேரில் தன் மாளிகையை அறை அறையாக நிரப்பி 1951ல் மியூசியமாகத் திறந்துவிட்டார். எனக்கு அவரைவிட ஹென்ரி மெர்சரைத்தான் பிடிக்கும். இவர் பென்சில்வேனியாவின் டாய்ல்ஸ்டவுன் ஊர்க்காரர். 1897ல் கணப்புக்கு ஓர் இடுக்கி வாங்கப் பழைய சாமான் வியாபாரியிடம் போனவர், அங்கே குப்பையாகக் குவிந்து கிடந்த உடைந்த சக்கரம், நார் சீவும் சீப்பு, வெண்ணெய் கடையும் மத்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இதுதான் இந்த நாட்டின் சரித்திரம் என்று பிடித்துக்கொண்டார். அவர் கான்கிரீட்டில் வார்த்த மியூசியத்தில் திமிங்கிலப் படகும் கோச் வண்டியும் உத்தரத்திலிருந்து தொங்கும். தலையை அண்ணாந்தே நடந்து கழுத்து வலிக்க வீடு திரும்புவேன்.

வேலையில் கஷ்டமான பகுதி வீடுகளுக்குப் போவது. போன வருடம் ஒரு பாட்டி, எண்பது தாண்டியவர், சாப்பாட்டு அறையைப் பெருமையாகத் திறந்து காட்டினார். மஹோகனி மேசை, பன்னிரண்டு நாற்காலி, கண்ணாடி அலமாரி. நாற்பது வருடம் முன்னால் வாங்கியபோது ஒரு கார் விலை. இப்போது இந்த வகையை யாரும் சீண்டுவதில்லை. ஏற்றி இறக்கும் கூலி வந்தால் பெரிது. அதை எப்படிச் சொல்வது? கீழே நிலவறையில், பெயிண்ட் டப்பாக்களை அடுக்கி வைத்திருந்த நீலத் தொட்டியை நான் குனிந்து பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அதுவா? அது என் மாமியார் வீட்டுக் குப்பை" என்றார். மாவுத்தொட்டி, நீலம் அசல். மேலே இருந்த மொத்த அறையைவிட அந்தக் குப்பை பலமடங்கு போனது. காசோலை வந்ததும் போன் செய்தார். தொகை சரிதானா என்று கேட்டார். பிறகு, "அப்படியானால் அந்த மேசை?" என்றார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அதே வீட்டில் ஒரு தரை விரிப்பும் கிடைத்தது, கந்தல் துணிக் கீற்றுகளைக் கொக்கியால் இழுத்துப் பின்னிய வகை. நடுவில் ஒரு நாய், நரி மாதிரி. பின்னால் திருப்பினால் கோணிச்சாக்கு. வங்காளத்துச் சணல் சாக்காக இங்கே வந்திறங்க ஆரம்பித்த பிறகுதான் இந்தப் பின்னலே பரவியது. மூக்கில் ரேஷன் கடை வாசனை அடித்தது போல இருந்தது. நிஜத்தில் அது நாய் வாசனைதான்.

இந்தத் தொழிலில் சாமான்கள் திரும்பி வரும். வாங்கியவருக்கு வயதாகும், வீடு சின்னதாகும், அல்லது அவரும் போய்ச் சேர்வார். போன மாதம் ஒரு சேகரிப்பு முழுதாக வந்திறங்கியது. மூன்றாவது அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் சுற்றி அந்த மெழுகுவர்த்திப் பெட்டி. எட்டு வருடத்தில் சிவப்பு கொஞ்சம் மங்கியிருந்தது. பார்த்துப் பார்த்துத் தொட்டிருக்கிறார்கள். பெரியவர் இப்போது வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருகிறார். அன்று அவர் வரவில்லை. புது உதவியாளர் எட்டிப் பார்த்து, "இந்த ஒரு இடம் மட்டும் நல்ல நிறமாக இருக்கிறதே" என்றான்.

புற ஊதா விளக்கில் பார்த்தேன். அளந்தேன். மூடி சுலபமாக நகர்கிறது. அடிப்பலகையில் ஒரு பழைய வெடிப்பு. வலது பக்கத்துக்கு வந்ததும் அந்த இடத்தின் மேல் என் கையை வைத்துப் பார்த்துவிட்டு, முன்பு துடைக்கப்பட்டது என்று எழுதி, வருடத்தையும் சேர்த்தேன். உதவியாளன் வருடம் எப்படித் தெரியும் என்று கேட்டான். அடுத்த பெட்டியைப் பிரிக்கச் சொன்னேன்.